இழுத்தால் உயரும்

இருபது அங்குலத் தொலைக்காட்சியை
நான்காய்க் கிழித்தால்
ஆளுக்கு ஒரு தபால் அட்டை.
அதற்குள்தான் சுரங்கம், இரும்புப் படி, குண்டுப்பெட்டி,
கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்கும் டெல்பர்ட்.

தண்டர் பே. ஜனவரி. கோஸ்கெலா வீட்டு நிலவறை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே உலை
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கனைத்துக்கொள்ளும்.

மூன்று ஆட்டங்கள் எங்களிடம்.
உளவாளிகள் ஒன்று.
மூடுபனியில் டைனோசர் சுடுவது ஒன்று:
பத்தடிக்கு அப்பால் உலகத்தை வரையவில்லை,
அதை மறைக்கத்தான் பனி என்று டோய்வோ சொன்னான்.
மூன்றாவதுக்கு மேல்தாள் கிழிந்து பெயர் போய்விட்டது.
பெட்டியில் செருகுமுன் ஊத வேண்டும்,
உதடு உப்புக்கரிக்கும் வரை.
அதுதான் எங்கள் உயிர்.

அடுத்தவர் கால்வாசியைப் பார்க்கக் கூடாது என்பது சட்டம்.
எல்லோரும் பார்த்தோம்.
என் அண்ணன் ஓரெஸ்ட் சீரியல் அட்டையை வெட்டித்
திரையில் குறுக்குச் சுவர் ஒட்டினான்.
ஒட்டிய அன்றே முதலில் எட்டிப் பார்த்தவனும் அவன்தான்.

நான்காவது கட்டுப்பாட்டுக் கருவியின் பிடி
விழப்போகிற பால்பல்லாய் ஆடும்.
தாமதமாய் வருபவனுக்கு அது.
டெல்பர்ட் எப்போதும் தாமதம்.

அவனுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வியாழக்கிழமை
துணிக்கூடையோடு இறங்கி வந்தாள்
டோய்வோவின் அம்மா இர்யா.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள்.
ஏரி உறைந்தால் கப்பல் இல்லை,
கப்பல் இல்லையென்றால் கிரேன் இல்லை.
அந்தக் குளிர்காலத்தில் அதுவரை
இரண்டு முறை சிகரெட்டை விட்டிருந்தாள்.

கூடையைக் கீழே வைத்தாள்.
"கொடு."

தரையைப் பார்த்தபடியே ஏழு முறை செத்தாள்.
"இது கோளாறு. தள்ளினால் ஏன் மேலே போகிறது?
பிடியை உன் பக்கம் இழு,
கொக்கி உயரும்.
எந்தத் துறைமுகத்தில் வேண்டுமானாலும் கேள்."

டோய்வோ பெருமூச்சோடு அமைப்புகளைத் திறந்தான்.
மூன்றாம் பக்கம், கடைசி வரி.
நாங்கள் யாரும் தொடாத ஒரு 'இல்லை'யை
'ஆம்' ஆக்கினான்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க மாட்டேன்.
அவன் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறான்,
அவனுக்கும் மானம் உண்டு.

அவள் ஓடவே மாட்டாள்.
முப்பது டன் தொங்கும்போது யார் ஓடுவார்கள்?
மெல்லத் திரும்புவாள், நிற்பாள்,
ஆட்டம் அடங்கக் காத்திருப்பாள்.
ஒரே ஒரு குண்டு.
எங்கள் கால்வாசிகளை அவள் பார்க்கவும் இல்லை;
எங்கள் முழங்கை அசைவே போதுமாம்.

காய்ச்சல் தெளிந்து வந்த டெல்பர்ட்டுக்கு
உலர்த்தி எந்திரத்தின் மேல்தான் இடம்.
சூடாக இருந்ததால் சண்டை போடவில்லை.

இன்றுவரை எந்தப் புது ஆட்டம் வாங்கினாலும்
சுடுவதற்கு முன்
அந்த வரியைத் தேடிப் போகிறேன்.
"ஏன் தலைகீழாய் ஆடுகிறாய்?" என்கிறார்கள்.
தலைகீழ் நீங்கள்தான்.

மார்ச் கடைசியில் ஒரு மாலை.
எட்டுக்கு எட்டு என்று சமநிலை, நான்கு நிமிடம் மிச்சம்.
கூரையோரச் சிறு ஜன்னல் வழியே
நீளமாய் ஒரு கப்பல் சங்கு.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கருவியைத் துணிக்கூடையில் வைத்தாள்.
மேலே பூட்ஸ் சத்தம், பிறகு கதவு.

ஈரத்துண்டு ஏதோ
பிடியைத் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும்:
கீழ் வலது கால்வாசியில்
அவள் பார்வை மெல்ல உயர்ந்தது.
சுவர். குழாய்கள். கூரை விளிம்பு.
அப்புறம் வெறும் வானம்,
யாரோ நான்கே நிறத்தில் வரைந்தது.

என்னிடம் பன்னிரண்டு குண்டு இருந்தது.
ஓரெஸ்ட் இருமுறை அவள் முதுகைக் கடந்து போனான்.
டோய்வோ துப்பாக்கி மாற்றுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தான்.

"சுடுங்களேன்" என்றான் டெல்பர்ட்,
எந்திரத்தின் மேலிருந்து.

மணி அடிக்கும்வரை
எட்டுக்கு எட்டுதான்.